உப்புக்காற்று கேட்ட கை அளவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பரந்தனில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இது தொடங்கியது. தம்பி முடி வெட்டப் போயிருந்தான். போனை மேசையில் மறந்து வைத்துவிட்டான். நான் அதை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காணி உறுதிப் பத்திரங்களைப் பதியும் அலுவலகம் ஒன்றில் இருபது வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் சனம் இடம்பெயர்ந்து, சிதறி, பாதிப் பேர் கடல் கடந்து, மீதிப் பேர் திரும்பி வந்து பார்த்தால், தங்கள் காணி வேறு யாரோ ஒருவரின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கள்ள உறுதிகளைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. கையொப்பம் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாலே எனக்கு மூக்கில் வியர்க்கும். வேலையோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வீட்டிலும் அப்படித்தான். மீன்காரர் இன்றைக்குப் பிடித்தது என்று சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். போரின் கடைசி மாதங்களில், பள்ளிக்கூட வயதில், வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்தான். நாலு விரல் நீளம்தான் மிச்சம். அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கனடாவில் இருக்கும் சித்தி தன் பிள்ளைகள் பாவித்த விளையாட்டு மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தா. ரீவியில் பொருத்தி, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் சாமான். இவன் இடது கையால் பிடித்து, முழங்காலில் அண்டக் கொடுத்து, மிச்சக் கையின் முனையால் வலப் பக்கத்துக் குச்சியைத் தள்ளி விளையாடுவான். ஒரு மணித்தியாலத்தில் அந்த முனை சிவந்து தடித்துவிடும். விடச் சொன்னால் விடமாட்டான்.

இதே பைத்தியம் பிடித்தவர்களைச் சேர்த்துப் போனில் ஒரு தமிழ்க் குழு வைத்திருந்தான். மட்டக்களப்பு, மலேசியா, ரொறன்ரோ என்று நானூறு பேர் இருந்தார்கள். அவர்கள் விளையாடிய நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் அதிகம். மெஷின் செய்கிற கம்பனி அடுத்து என்ன செய்கிறது என்று வாயே திறக்காது. ஆனால் ஒரு புதுச் சாமானுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரையும் சின்னத்தையும் வேறு யாரும் எடுக்காதபடி எங்கேயாவது ஒரு நாட்டில் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆகவே இவர்கள் நாடு நாடாகப் பதிவேடுகளைத் தோண்டி, ஒரு பெயர் கிடைத்தால் அதற்குக் கை கால் வைத்து, புது மெஷினையே மனதுக்குள் செய்துவிடுவார்கள். நான் பகலெல்லாம் பார்க்கிற பதிவேட்டை இவன் ஆசைக்குப் பார்க்கிறானே என்று சிரித்திருக்கிறேன்.

அந்தக் குழுவில் 'உப்புக்காற்று' என்ற பெயரில் ஒரு ஆள் இருந்தது. சொந்தப் பெயர் இல்லை. முகப்படம் இல்லை. மற்றவர்கள் குரல் பதிந்து அனுப்புவார்கள், கூடிக் கதைப்பார்கள். இந்த ஆள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, எழுத்து மட்டும்தான். ஆனால் யாருக்கும் கிடைக்காத விண்ணப்பங்கள் இந்த ஆளுக்குக் கிடைக்கும். அந்த ஆனி மாதத்தில் கொண்டுவந்தது எல்லாவற்றையும் விடப் பெரியது. உலகப் படத்தில் தேடினாலும் கிடைக்காத ஒரு தீவில் போட்ட விண்ணப்பம். புதுப் பெயர் ஒன்று. பாதி மூடிய உள்ளங்கை போல ஒரு சின்னம். பொருட்களின் பட்டியலில், நடுவில், ஒரு கையால் இயக்கக்கூடிய விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று ஒரு வரி.

தம்பி அந்த ஒரு வரியைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அவனில் ஒரு மாற்றம் வந்தது. "வாற வருசம்" என்று கதைக்கத் தொடங்கினான். வாற வருசம் போட்டிகளில் சேரலாம், வாற வருசம் வவுனியாவில் ஒரு வகுப்பு எடுக்கலாம். பதினைந்து வருடங்களாக அந்த வாயில் நாளைக்கு என்ற சொல்லே வந்ததில்லை. எனக்குச் சந்தோசப்படத் தெரியவில்லை, பயம்தான் வந்தது. இந்த ஆசையைக் கொண்டுவந்த ஆள் யார், அவருக்கு இதில் என்ன லாபம் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நிலைமையில்தான் போன் என் கையில் கிடைத்தது. உப்புக்காற்று தம்பிக்குத் தனியாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். கையைப் பல பக்கத்தாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. மிச்சக் கையின் சுற்றளவு, நீளம், தொடையின் அகலம், வீட்டு விலாசம், வீட்டில் இன்னொருவரின் போன் நம்பர். எதற்கு என்று தம்பி கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்று பதில். இவனும் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறான்!

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. காரணம் இருக்கிறது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்த புதிதில், உதவி செய்கிறோம் என்று இரண்டு பேர் வந்து தம்பியைச் சட்டை கழற்றி இருத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் எங்கேயோ வெளிநாட்டில் உண்டியலில் ஒட்டப்பட்டிருந்ததாகப் பிறகு சித்தி சொன்னா. எங்களுக்கு ஒரு கடதாசிகூட வரவில்லை. தம்பி அதன் பிறகு நாலைந்து வருடம் கமராவைக் கண்டாலே எழும்பிப் போய்விடுவான்.

விண்ணப்பத்தையும் திறந்து பார்த்தேன். பார்த்த உடனே பிடித்துவிட்டேன். விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் அந்தக் கம்பனியின் பெயர் இல்லை. கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர். எங்கள் வேலையில், உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஆளின் பெயர் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதை இறக்கக்கூட இல்லை. தம்பியின் பெயரிலேயே, நானூறு பேர் பார்க்க எழுதினேன். இந்த விண்ணப்பம் கள்ளம். விண்ணப்பித்தது கம்பனி இல்லை. இதைக் கொண்டுவந்த உப்புக்காற்று, காயப்பட்டவர்களின் படங்களைச் சேர்த்துப் பிழைக்கிற ஆள். யாரும் விவரம் கொடுக்காதீர்கள்.

தம்பி வருவதற்குள் நாற்பது ஐம்பது பதில்கள். எனக்கும் அப்போதே ஐமிச்சம், பெயர் சொல்லாதபோதே தெரியும், குரல் காட்டாத ஆளை எப்படி நம்புவது என்று ஒவ்வொருவராக ஏறி மிதித்தார்கள். நேற்றுவரை அந்த ஆளைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் இவர்கள்தான். உப்புக்காற்று ஒரு சொல்லும் எழுதவில்லை. குழுவை விட்டு விலகியது என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. பிடிபட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கறியை இறக்கினேன். அடிப்பிடித்துவிட்டிருந்தது.

தம்பி றோஸ் பாணோடு வந்து போனைப் பார்த்தான்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான். உன்னைக் காப்பாத்தத்தான்."

இரண்டு தரம் வாசித்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டான்.

"அவா உங்களுக்கு என்ன செய்தவா அக்கா?"

அவாவா! பொம்பிளையா என்று எனக்கு இன்னும் இரண்டு மடங்கு சந்தேகம் கூடியது. அவன் அந்த ஆளுக்கு எழுதிப் பார்த்தான். அவா இவனுடைய எண்ணைத் தடுத்துவிட்டிருந்தா. வேண்டுமென்றால் அழித்துவிட்டு, அக்கா எழுதியது என்று சொல்லிவிடேன் என்றேன்.

"அழிக்கமாட்டன். கிடக்கட்டும். நான் சொல்லவும் ஏலாது. எழுதின ஆள்தான் சொல்லோணும்."

நான் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். அதன் பிறகு மூன்று கிழமை, கேட்டதற்கு ஓம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான். வாற வருசம் என்ற கதை அதோடு நின்றுபோனது. கோபித்துச் சண்டை பிடித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே இருந்து அந்த மௌனத்தைப் பார்க்க, அம்மாவின் கடைசிக் காலத்தில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. அப்போதும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும், ஏமாந்து அழுவதைவிட இது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது கிழமை, ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள். பஸ் நடத்துநர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். கொக்கிளாயிலிருந்து தம்பி பெயருக்குப் பார்சல் வந்திருக்கிறது, பரந்தன் சந்தியில் நின்று எடுங்கள் என்றார். கொக்கிளாயில் எங்களுக்கு யாரும் இல்லை. நான்தான் போனேன். பஸ்ஸை மறித்து வைத்து, கொடுத்தது ஆர், எப்படிப்பட்ட ஆள் என்று நான் விசாரித்த விசாரணையில் உள்ளே இருந்த சனம் சலித்துப்போனது. இறால் நிறுக்கிற இடத்தில் நிற்கிற பிள்ளை என்றார் அவர். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

உரப்பையில் சுற்றி, வலை நூலால் தைத்த பார்சல். பாரமில்லை. உள்ளே கட்டியாக ஏதோ ஒன்று. மிதிவெடி விழிப்புணர்வுப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. தெரியாத பொருளைத் தொடாதே என்பது எங்களுக்கு ஆனா ஆவன்னாவோடு சேர்த்துச் சொல்லித் தந்த பாடம். பார்சலைச் சைக்கிளில் கொண்டுவரும்போது வராத பயம் வீட்டுக்கு வந்ததும் வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, கிட்டப் போகாதே என்று தம்பிக்குச் சொன்னேன். அரை நாள் அது அங்கேயே கிடந்தது. கோழி ஒன்று அதன்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுப் போனது.

"அக்கா, குண்டு வைக்கிறவன் நடத்துநரிட்டை உங்கட போன் நம்பரும் குடுத்து விடுவானோ?"

மூன்று கிழமைக்குப் பிறகு அவன் பேசிய முதல் முழு வசனம் அது. கத்தியை எடுத்துக்கொண்டு போய், பார்சலைக் காலால் மிதித்துப் பிடித்து நூலை அறுத்தான்.

உள்ளே நீல நிறத்தில் ஒரு சாமான். கடற்கரையில் மீன்பிடிப் படகுகளின் ஓட்டையை அடைக்கிற அதே ஃபைபரில் வார்த்தது. ரெசின் மணம் இன்னும் போகவில்லை. தொடையில் பொருந்தி உட்காருகிற மாதிரி வளைந்த தொட்டில். அதில் கன்ட்ரோலர் இறுகப் பொருந்துகிற பள்ளம். வலது பக்கத்தில், வலை மிதவையின் மெத்தைத் துண்டு ஒட்டிய ஒரு சின்னக் கிண்ணம். தம்பி தன் கையின் முனையை அதில் வைத்தான். அளவாக உட்கார்ந்தது. கிண்ணத்தை அசைத்தால் குச்சி அசையும்படி செய்திருந்தது. அதன் வடிவத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, அந்தத் தீவு விண்ணப்பத்தில் இருந்த பாதி மூடிய உள்ளங்கை அது. ஒரு சின்னத்தைப் பார்த்து நானூறு பேர் ஊகித்துக்கொண்டிருக்க, ஒரு ஆள் அதைச் செய்தே பார்த்திருக்கிறா.

கூடவே ஒரு கொப்பி. அதைத் திறந்ததும் எனக்குக் காது சுட்டது. பக்கம் பக்கமாக, கோடு கீறி, நீல மையிலும் சிவப்பு மையிலும் விண்ணப்பங்கள். கம்பனிகள் புதுச் சாமானின் பெயர் வெளியே தெரியக் கூடாதென்று, யாருக்கும் தெரியாத பெயரில், தூரத்துத் தீவுகளில்தான் முதலில் விண்ணப்பிக்குமாம். ஒளிப்பதற்காகவே அப்படிச் செய்வார்களாம். இதே கம்பனியின் முந்தைய மெஷினும் இதே தீவில், வேறொரு பெயரில், ஆனால் இதே சட்டத்தரணியின் விலாசத்தோடுதான் பதியப்பட்டிருந்தது. அந்த விலாசத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போய்த்தான் அவா இதைக் கண்டுபிடித்திருக்கிறா. ஒரு காணி யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்று நான் ஏடுகளைப் புரட்டித் தேடுவேனே, அதே வேலை. என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தா. நான் கள்ளம் என்று கண்டுபிடித்த அந்தப் பெயர், அங்கே வழமை.

கடைசிப் பக்கத்தில் தம்பியின் அளவுகளும் நாலு வரிகளும் இருந்தன. 'உங்கட கைப்படம் எல்லாத்தையும் அழிச்சிட்டன். அளவு இந்தப் பக்கத்தில மட்டும்தான் இருக்கு, கிழிச்சு எடுங்கோ. கம்பனியின்ர சாமான் வருமோ தெரியாது. விண்ணப்பம் விண்ணப்பம்தான். வரும்வரைக்கும் இதைப் பாவியுங்கோ.'

தம்பி சாமானைத் திரும்பவும் உரப்பைக்குள் வைத்தான். அவாவுக்கு உண்மை தெரியும்வரை தொடமாட்டேன் என்றான்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் முல்லைத்தீவு போய், அங்கிருந்து கொக்கிளாய் பஸ் எடுத்தேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற் பெட்டியும். வழி நெடுக, போய் என்ன சொல்வது என்று ஒத்திகை. காலைப் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்த நேரம் கேட்டு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் கவிழ்த்து வைத்த படகின் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க பிள்ளை முதுகு காட்டிக் குந்தியிருந்தது. படலையில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அசையவே இல்லை. என்னை யாரென்று தெரிந்துகொண்டுதான் அவமதிக்கிறா என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் என் புத்தி அப்படித்தான் ஓடியது.

அவாவின் தாய் உள்ளேயிருந்து ஓடி வந்தா.

"பிள்ளை, அவளுக்குக் காது கேளாது. கடைசிச் சண்டையில மாத்தளன்ல செல் விழுந்த நாளையிலயிருந்து. முன்னால போய் நில்லுங்கோ."

குரல் பதிந்து அனுப்பாததற்கும், கூடிக் கதைக்க வராததற்கும் காரணம் இதுதான். கையிலிருந்த வாழைப்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். வெட்கத்தில் அழுகைதான் வந்தது.

அவா ஒரு கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டு, கொப்பியும் பேனையும் தந்தா. தம்பி எழுதவில்லை, எழுதியது நான், அவன் பெயரில் எழுதினேன், அவனுக்கு அப்போது தெரியாது என்று எழுதினேன். அவா வாசித்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மேலும் எழுதினேன், இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் செய்து அனுப்பினீர்கள் என்று.

அவாவின் பதில் இது: 'நீங்கள் எழுதினதைப் பாக்கேக்கை ரெசினுக்கு ஹார்ட்னர் கலந்து முடிஞ்சுது. கலந்தா நிப்பாட்டேலாது, இறுகிப்போகும். பிறகு ரெண்டு கிழமை கோவம். பிறகு, வீட்டில கிடந்து என்ன செய்யிறது எண்டு அனுப்பினனான்.'

நான் சிரித்துவிட்டேன். அவாவும் சிரித்தா. அதோடு முடிந்தது என்று எழும்பப் போனபோது கொப்பியை இழுத்து இன்னுமொரு வரி எழுதினா. 'எனக்குச் சொன்னது காணாது. அங்கயும் எழுதுங்கோ.'

யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஒரு பிழை வந்தால் வேறொரு தாளில் திருத்தினால் செல்லாது. அதே பக்கத்தில், பிழையை அழிக்காமல், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு நான் சொன்ன பாடம் அது. திரும்பி வந்து, தம்பி அழிக்காமல் விட்டிருந்த அந்த வரிகளுக்குக் கீழே, என் சொந்தப் பெயரும் வேலையும் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. சிலர் திட்டினார்கள். ஏறி மிதித்தவர்களில் இரண்டு பேர் தாங்களும் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் கதையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் உப்புக்காற்று திரும்பி வந்தா. ஒரு விளக்கமும் இல்லை. இன்னொரு தீவில் கண்டுபிடித்த இன்னொரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இருந்தா. கட்டிலுக்குக் கீழே பெட்டி இழுபடுகிற சத்தம் குசினிக்குக் கேட்டது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இரண்டு வருடமாகியும் அந்தக் கம்பனியின் ஒரு கைச் சாமான் வரவில்லை. வருமென்று குழுவில் இன்னும் சத்தியம் செய்கிறார்கள். நானும் கிழமைக்கு ஒரு தரம் அந்தத் தீவின் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறேன், நம்பிக்கையில்லாமல்தான். தம்பி நீலத் தொட்டிலில் விளையாடுகிறான். கை சிவப்பதில்லை. அவாவுக்குக் காது கேளாதென்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே அக்கா."

வேலை மேசையில் கள்ள உறுதி வந்தால் இன்றைக்கும் பிடிப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் தம்பி இப்போதும் போனைக் குசினி மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போகிறான், அது மினுங்கும்போது என் கை தன்பாட்டில் நீளப் பார்க்கிறது. நான் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் வந்ததும் யார் எழுதியது என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.